ஒன்றரை மில்லிமீட்டர்

லோரோங் கூலிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை
ஏழு மணிக்குள் போய்விட வேண்டும்.
எட்டானால் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில்
டேனியல் சவரிமுத்து வந்து இறங்கிவிடுவான்.
அவன் கண்ணுக்குத் தப்பிய காகிதம் கிடையாது.

கக் ரோசீதா விரித்த தார்ப்பாயில்
துருப்பிடித்த சாவிகள், ஒற்றைத் தோடு,
முள் இல்லாத கடிகாரம், ஒரு பிஸ்கட் டின்.
டின்னுக்குள் வாஷர்களுக்கு நடுவே
நின்றுகொண்டிருந்தான் அவன்:
தொப்பி, கழுத்துப் பட்டி உயர்ந்த சட்டை,
பின்னால் செங்கல் நிற வானம்,
மேலிருந்து வரப்போகும் ஒரு பந்துக்காக
இரண்டு கையும் தூக்கியபடி.
பெயரின் முன்பாதியைக் கரப்பான் தின்றிருந்தது.
மிச்சம் மூன்று எழுத்தும் ஓர் ஊரும்.

எனக்கு பேஸ்பால் தெரியாது.
பக்கத்து ஸ்டேடியத்தில் பையன்கள் உதைக்கும் பந்துதான் தெரியும்.
ஆனால் சிகரெட் அட்டை என்றால்
இருட்டிலும் விரல் சொல்லிவிடும்.
பாக்கெட் நசுங்காதிருக்கத்
தடித்த காகிதம் ஒன்றை உள்ளே வைத்தார்கள்,
வைத்ததுதான் வைத்தோம் என்று
அதில் ஆளை அச்சடித்தார்கள்.
பத்துச் சிகரெட்டுக்கு ஒரு முதுகெலும்பு.
இருபது வருடமாய் நான் சேர்த்ததெல்லாம்
மீன், கொடி, நடிகை, போர்க்கப்பல்.
மட்டைக்காரன் வந்தது இதுவே முதல்முறை.

ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும்.
ஒரு பித்தளைக் குழாயை எடுத்துத் திருகிப் பார்த்தேன்.
"பெராப்பா?"
"குழாய் எட்டு வெள்ளி. காகிதம் இருபத்தஞ்சு."
நான் காகிதத்தைக் கேட்கவே இல்லை.
"போலே கூராங்?"
அவள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள்.
அதுதான் பதில்.
இரண்டையும் வாங்கினேன்.

வீட்டில் லென்ஸ்.
போலியென்றால் எழுத்துகூடப் புள்ளி புள்ளியாக இருக்கும்,
கொசு மொய்த்த மாதிரி.
இதில் கோடு கோடாகவே நின்றது.
"அசல்!" என்றேன்.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே இந்திராணி
"எது, குழாயா?" என்றாள்.

பிறகு அளவுகோல்.
இடது ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் காணோம்.
கத்தரி வேலை.
நிதானமான கை, முடிவில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறது.
டேனியலுக்குப் படம் அனுப்பினேன்.
"வெட்டுப்பட்டது. செத்த அட்டை" என்று எழுதினான்.
ஐந்து நிமிடம் கழித்து
"எவ்வளவுக்குத் தருவே?"

அன்றிரவு ஷிப்ட். பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
எல்லாம் கணினிக்குப் போய்விட்டது.
பழைய விளக்குப் பெட்டி ஒன்று மட்டும்
கழித்துவிட யாரும் கையெழுத்துப் போடாததால்
ஸ்டோரில் உயிரோடிருக்கிறது.
அதில் அவனைச் செருகிச் சுவிட்சைத் தட்டினேன்.
முதுகுப்பக்கத்துப் புகையிலை விளம்பரம்
வரிவரியாய், மங்கலாய்,
விலா எலும்புபோல அவன் மார்பில் எழுந்து வந்தது.
இடது நுரையீரலின் மேல்மூலையில்
ஊசிமுனை அளவு வெளிச்சம்.
அந்த இடத்தில் இத்தனை வருடம்
நிழலைத்தான் தேடியிருக்கிறேன்.

யாரோ குண்டூசி குத்தி மாட்டியிருக்கிறான்.
மாலுமியோ, ஜெட்டியில் மூட்டை தூக்கியவனோ.
எந்தச் சுவரில், எந்தச் சட்டத்துக்குள் நுழைக்க
அந்த ஒன்றரை மில்லிமீட்டர் போனது?
புகைத்த பத்தும் போய், புகைத்தவனும் போய்,
நசுங்காதிருக்க வைத்தது மட்டும்
நசுங்காமல் வந்திருக்கிறது.

இரண்டு மணிக்கு இருமலோடு
தெலுக் பகாங் மீனவர் ஒருவர் வந்தார்.
கையைத் தூக்கிப் பலகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.
"தாரிக் நாபாஸ்... தாஹான்."
இழுத்தார். பிடித்தார்.
அந்தக் கைகளை எங்கோ பார்த்த யோசனையில்
"லெப்பாஸ்" சொல்லத் தாமதித்துவிட்டேன்.
முறைத்தார்.

அட்டை இப்போது ஆல்பத்தில்,
ஒரு நடிகைக்கும் போர்க்கப்பலுக்கும் நடுவே.
பந்து இன்னும் வந்து சேரவில்லை.
டேனியல் நூற்றிருபது வரை ஏறியிருக்கிறான்.
குழாயை இந்திராணி சமையலறையில் மாட்டிவிட்டாள்.
ஒழுகவில்லை.